ஹாஷிமுக்கு நாலு குளிச

அந்தக் கேள்விய கடைசியா கேளுங்களே டொக்டர். மத்ததெல்லாம் மொத எழுதிக்குவோம். பேரு, வயசு, வருத்தம் எப்ப புடிபட்டிச்சு, எல்லாம் வரிசையா சொல்றேன். குளிச ஒழுங்கா குடிச்சாரா இல்லையான்னு நீங்க மூணாவதா வச்சிருக்கீங்க. கண்டி கிளினிக்கிலயும் அதத்தான் கேட்டாங்க, ஓம்னு சொல்லிட்டோம். பொறகு என்னத்துக்கு வீடு தேடி வந்து அதையே கேக்குறது? சரி, கோவிக்காதீங்க. என்ட பேச்சே அப்பிடித்தான். வாய்க்குப் பூட்டு இல்லாதவன்னு எங்கட இவரே சொல்லுவாரு.

அந்தக் கதிரையில வேணாம், கால் ஆடும். இப்பிடி ஃபேனுக்குக் கீழ வாங்க. ரத்தம் எடுக்குற பொட்டிய மேசையிலயே வைங்க, ஆரும் தொடமாட்டாங்க. இவரு ஜும்ஆவுக்கு போயிருக்காரு. இப்பதான் பாங்கு சொல்லிச்சு, தொழுகை முடிஞ்சு வர ஒண்ணே கால் ஆகும். ஓம், நான்தான் ஃபோன்ல பன்னண்டரைக்கு வாங்கன்னு சொன்னேன். அவரு வந்தவொடன ரத்தம் எடுத்துக்கலாம். அதுக்கு முந்தி கொஞ்சம் தனியா கதைக்கணும்னு இருந்திச்சு. ஸஹ்ரா அப்பிடின்னு பேரு கேட்டவொடன எனக்கு ஒரு நிம்மதி, எங்கட புள்ள ஒண்ணு வருது, தமிழ்லயே கதைக்கலாம்னு. எனக்கு சிங்களம் நல்லா வரும், கடையில நிக்கிறவளுக்கு வராம இருக்குமா? ஆனா மனசுல கெடக்குறத சொல்றதுக்கு அது காணாது.

எழுதுங்க. ஹாஷிம், அம்பத்தாறு வயசு. நான் றுஸைனா, பொஞ்சாதி. தம்புள்ள சென்டர்ல இருவது வருஷம் மரக்கறி யாவாரம் செஞ்சாரு. முட்டக்கோவா, கரட், லீக்ஸ். ஆறு வருஷத்துக்கு முந்தி ஒடம்பு மெலிஞ்சுக்கிட்டே போச்சு, இடது பக்கம் வயிறு மட்டும் கல்லு மாதிரி வீங்கிச்சு. நான் கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி காச்சிக் குடுத்தேன். ரத்தம் பாத்தாதான் தெரியுது, ரத்தத்துல புத்துநோய். ஆனா பெரிய டொக்டர் அன்னைக்கே சொன்னாரு, பயப்படாதீங்க, இது குளிசையில அடங்குற சாதி, சீனி வருத்தக்காரன் குடிக்கிற மாதிரி தெனம் குடிச்சுக்கிட்டு நீங்க பேரப்புள்ள பாக்கலாம்னு. காலச் சாப்பாட்டோட நாலு குளிச, பெரிய க்ளாஸ் தண்ணி ஒண்ணு. அவ்வளவுதான். அப்பிடியே அடங்கிச்சு டொக்டர். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தத்துல ஒரு நம்பர் பாப்பாங்களே, அது வருஷக்கணக்கா தரையோட தரையா கெடந்திச்சு.

நெஞ்சா? ஓம், அதையும் போடுங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நெஞ்சுல அடப்பு வந்து ஸ்டென்ட் ஒண்ணு வச்சிருக்கு. அதோட தம்புள்ள யாவாரத்த விட்டுட்டு இங்க மாத்தள டவுன்லயே சின்னக் கடை ஒண்ணு போட்டோம். அவரு உக்காந்திருப்பாரு, நான் நிப்பேன்.

இப்ப அந்த நெஞ்சுதானே பிரச்சின. மார்ச்ல நம்பர் ஏறிச்சு. இந்த மாசம் இன்னும் ஏறிச்சு. இந்தக் குளிச இனி சரிவராது, வேற மருந்துக்கு மாத்தணும்னு சொல்றாங்க. எங்களுக்கு கெடைக்கக் கூடியது ஒண்ணே ஒண்ணுதானாம், அது இதயத்துட துடிப்ப கொழப்புமாம், குழாய அடைக்குமாம். ஸ்டென்ட் வச்ச ஆளுக்கு அத குடுக்குறதா வேணாமான்னு திங்கக்கெழம பெரிய டொக்டர்மார் கூடி முடிவெடுக்குறாங்க. குடுத்தா நெஞ்சு நிக்கலாம், குடுக்காட்டி ரத்தம் மிஞ்சிப் போவலாம். நீங்க எழுதுற இந்தப் பேப்பரும் அந்த ஃபைலுக்குள்ள போகும்தானே? போகும். அதுதான் கேட்டேன்.

அந்தப் பம்ப் விசயம் தெரியுமாவா கேக்குறீங்க? ஐயோ, தெரியாம என்ன. பெரிய டொக்டர் படம் கீறியே வெளங்கப்படுத்தினாரு. ஒரு வட்டம் கீறி, இதுதான் செல்லுன்னாரு. அதச் சுத்தி ஒரு தோல். அந்தத் தோல்ல அங்கங்க வாசல் மாதிரி சாமான் பதிஞ்சிருக்கு, எல்லாம் புரதம். அதுல சிலது சும்மா வாசல் இல்லயாம், பம்பாம். உள்ள நஞ்சு மாதிரி என்ன வந்தாலும் புடிச்சு வெளிய எறியுறதுதான் வேல. நல்ல ஒடம்புலயும் இருக்காம், குடல்ல, ஈரல்ல, மூளையில. அல்லாஹ் அத நமக்கு காவலுக்குத்தான் வச்சிருக்கான். ஆனா இந்தப் புத்துநோய் செல்லு சிலது கள்ளத்தனமா அந்தப் பம்ப ஒண்ணுக்குப் பத்தா கட்டிக்குதாம். மருந்து உள்ள போன கையோட புடிச்சு வெளிய தள்ளிருது. அது வேல செய்யுறதுக்கு நேரமே இல்ல. நீங்க அதத்தான் அளந்து பாக்கப் போறீங்க, சரியா? பாத்தீங்களா, நான் கடைக்காரிதான், ஆனா சொன்னா வெளங்கும்.

இவருக்கு அந்தக் கத நல்லாப் புடிச்சிப் போச்சு. கடைக்கு வாறவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு, என்ட ஒடம்புல பம்ப் கூடிப்போச்சாம், கெம்பஸ்ல இருந்து ஆள் வந்து பாக்கப் போறாங்களாம்னு. என்னமோ பென்ஸ் கார் வாங்கின மாதிரி. அவருக்கு அதுல ஒரு ஆறுதல் டொக்டர். தான் ஒழுங்கா குடிச்சும் வருத்தம் ஏறினா அது தன்ட குத்தமில்லதானே. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல்ல.

கோப்பிய குடிங்க, ஆறப்போகுது. சீனி காணுமா?

நான் ஒண்ணு கேக்குறேன், சும்மா பொதுவாத்தான். அந்தப் பம்ப் தன்பாட்டுல வாறதா, இல்லாட்டி மருந்து கொறஞ்சா வாறதா? ரெண்டு மாதிரியும் வரலாமா. ம். கொறஞ்ச மருந்துல கன நாள் கெடந்தா சில செல்லுக்கு தப்பிக்கப் பழக நேரம் கெடைக்கும். எல்லாருக்கும் அப்பிடின்னு இல்ல. சரி. பம்பே கூடாம, மருந்து காணாததாலயே நம்பர் ஏறுறதும் இருக்கா? இருக்கு. அப்ப, அந்த மாதிரி ஆளுக்கு திரும்பவும் முழுசா குடுத்தா எறங்குமா? எறங்கலாம். எறங்கும்னு சொல்லமாட்டீங்க, எறங்கலாம்னுதான் சொல்லுவீங்க. எத்தன நாளையில தெரியும்? மூணு மாசம்.

ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். தம்புள்ளயில ஒரு வருஷம் கோவாவுக்கு அடிக்கிற மருந்து வெல ஏறிப்போச்சு. ஒரு மூடி போட வேண்டிய எடத்துல அர மூடி போட்டு அடிச்சாங்க. புழு சாகல்ல. அடுத்த தடவ ரெண்டு மூடி போட்டாங்க, அப்பவும் சாகல்ல. இவரு கோவாவ பொளந்து காட்டி ஏசுவாரு, அரகொறயா அடிச்சு புழுவுக்கு நீங்களே படிச்சுக் குடுத்திருக்கீங்கடான்னு. பெரிய டொக்டர் படம் கீறினப்ப எனக்கு அந்தக் கோவாதான் கண்ணுக்குள்ள வந்திச்சு.

இல்ல, அவரு ஒரு நாள் கூட மறக்கல்ல. அத ஆணையா சொல்லுவேன். குளிச எல்லாம் என்ட பொறுப்பு. நான் கையில வச்சா வாயில போட்டுக்குவாரு, என்ன கலர்னு கூட பாக்கமாட்டாரு. போன கிளினிக்ல டொக்டர் கேக்குறாரு, ஹாஷிம், ஒழுங்கா குடிக்கிறீங்களான்னு. இவரு சொல்றாரு, என்ட நோனா தாரதெல்லாம் குடிக்கிறேன் சேர்னு. அந்த ரூம்ல எல்லாரும் சிரிச்சாங்க. நர்ஸ் என் தோள்ல தட்டி, இப்பிடி ஒரு பொஞ்சாதி கெடைக்கணுமேன்னாங்க. நானும் சிரிச்சேன். என்ன செய்ய, எல்லாரும் சிரிக்கிறப்ப.

அடுத்த கேள்வி என்ன? குளிசையால வாற கரச்சல். ஓம், முந்தி நெறைய இருந்திச்சு. காலையில எழும்புறப்ப கண்ணு ரெண்டும் ஊதியிருக்கும், கெண்டக்கால் புடிச்சு இழுக்கும், வயித்தால போகும். அஞ்சு வருஷமா அந்தக் கண் வீக்கத்தோடதான் திரிஞ்சாரு. இப்ப இல்ல. டிசம்பர்ல இருந்து கண்ணு பளிச்சுன்னு இருக்கு. பெருநாளைக்கு எடுத்த ஃபோட்டோவ பாத்துட்டு, றுஸைனா நான் கொமரனாகிட்டேன்டி அப்பிடின்னாரு.

ஏன் பேனைய வச்சிட்டீங்க? எழுதுங்க. அதுக்கு ஒரு கணக்கும் இல்ல, ஒடம்பு பழகிருச்சு போல.

நான் இன்னொரு ஆளப் பத்தி சொல்லணும். இந்தப் பேப்பர்ல அதுக்கு எடம் இருக்காது, பரவால்ல, கேளுங்க. டயனான்னு ஒரு புள்ள. ரத்தோட்டப் பக்கம் தேயிலத் தோட்டத்துல கொழுந்தெடுத்தவ. இருவத்தெட்டு வயசுலயே அவளுக்கும் இவருக்கு வந்த அதே வருத்தம், அதே நாலு குளிச. கிளினிக்ல எங்கட நம்பருக்கு அடுத்த நம்பர் எப்பவும் அவளோடதுதான், ஏன்னா ரெண்டு பேரும் மாத்தளையில இருந்து ஒரே பஸ்ஸுல போய் எறங்குவோம். புருஷன் விட்டுட்டுப் போய்ட்டான், ரெண்டு பொட்டப் புள்ளைகள். அவட அம்மா சவரியம்மா கூட வருவா. பெஞ்சுல உக்காந்து அவங்க கொண்டு வந்த ரொட்டிய நாங்க திம்போம், எங்கட சோத்த அவங்க திம்பாங்க.

அந்தப் பொலிம வருஷம் ஞாபகம் இருக்கும்தானே. பெட்ரோலுக்கு பொலிம, கேஸுக்கு பொலிம, எதுக்கும் வரிசையில நிக்கணும், பால்மா இல்ல. இந்த ரோட்டுல நாங்க நாலு வீடு ஒரு கேஸ் சிலிண்டர்ல சமச்சோம். இன்னைக்கு எங்கட குசினியில நாலு வீட்டுச் சோறு, நாளைக்கு அடுத்த வீட்டுல. பால்மா பெக்கட்ட கரண்டியால அளந்து பாதி பாதி. ஆருக்கும் முழுசா கெடைக்கல்ல, ஆனா ஆரும் ஒண்ணுமில்லாம இருக்கவும் இல்ல. அதுல எங்களுக்கு ஒரு பழக்கம் கையோட ஒட்டிக்கிச்சு டொக்டர். எது வந்தாலும் பாதியாக்குறது.

அப்ப ஆஸ்பத்திரியில இந்தக் குளிசயும் முடிஞ்சு போச்சு. வெளிய வாங்கச் சொல்லி துண்டுச் சீட்டு குடுத்தாங்க, கண்டி பூரா அலஞ்சோம், ஒரு ஃபார்மஸியிலயும் இல்ல. பதினோரு நாள் இவரு ஒண்ணும் குடிக்கல்ல. பன்னண்டாம் நாள் டயனாவும் சவரியம்மாவும் இந்தக் கேட்டுல வந்து நிக்கிறாங்க. வஹகோட்ட வேதக் கோயில்ல தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்க வெளிநாட்டுல இருந்து அவளுக்கு ஒரு மாசத்துக்கு எடுத்துக் குடுத்திருக்காங்க. அதுல சரி பாதி, அறுவது குளிச, கச்சான் கடல சுத்துற பேப்பர்ல சுத்தி கொண்டு வந்திருக்கா. பெட்ரோல் இல்ல, பஸ் இல்ல, பாதி தூரம் நடை. நான் வேணாம்னேன். அவ சொல்றா, அக்கா, நான் மட்டும் நாலு குடிச்சா எனக்கு தொண்டையில எறங்குமான்னு. அந்த மாசம் ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டா குடிச்சாங்க. இவருக்கு அவ ஆரு? சொந்தமா, பந்தமா, ஒரு மார்க்கமா?

பொறகு ஸ்டொக் வந்திச்சு. நம்பர் பாத்தாங்க, ரெண்டு பேருக்கும் ஏறல்ல. ஒண்ணுமே ஆகல்ல டொக்டர். பாதி குடிச்சும் ஒண்ணும் ஆகல்லன்னு நான் கண்ணால கண்டுட்டேன். அதுதான் என்னைக் கெடுத்திச்சு.

போன நவம்பர் மழை. உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. நாலு நாள் கரண்ட் இல்ல, ஃபோன் இல்ல. டயனா இருந்த தோட்டத்து லய வீட்டுக்கு மேல மல எறங்கிச்சு. அவ புள்ளைகளையும் அம்மாவையும் இழுத்துக்கிட்டு ஓடித் தப்பினா. உடுத்த உடுப்ப தவிர எல்லாம் மண்ணுக்குள்ள, கிளினிக் புக், குளிச, எல்லாம். ஸ்கூல்ல கேம்ப் போட்டிருந்தாங்க. பாத தொறந்த அன்னைக்கே நான் போனேன். இவருக்கு காய்ச்சல், கூட வரல்ல. போறப்ப பாணும் பருப்பும் பழைய உடுப்பும் கொண்டு போனேன். குளிசயும் கொஞ்சம் கொண்டு போனேன்.

ஓம். இவர்ட குளிசதான். வேற எங்க போக? எங்கள்ட்ட கூட இருக்கு புள்ள, முந்தி மிச்சம் வந்ததுன்னு பொய் சொல்லித்தான் கையில வச்சேன். இல்லாட்டி வாங்கமாட்டா. அவளுக்கு தெரியாது, சவரியம்மாவுக்கும் தெரியாது.

எழுதுங்க, எழுதத்தானே வந்தீங்க. ரெண்டு கெழம, இவருக்கு நாலுக்கு ரெண்டு. ஒரு ரெண்டு கெழமதான். கண்டி ரோடு தொறக்குற வரைக்கும். ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? குத்தம்தான், எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மருந்த இன்னொராளுக்கு குடுக்குறது குத்தம். என்ன புடிச்சு உள்ள போடுவாங்களா? போடட்டும். நீங்க டொக்டரா வந்தீங்களா, பொலிஸா வந்தீங்களா?

மன்னிச்சுக்கங்க.

இவர்ட்ட சொல்லல்ல. புது கொம்பனி குளிச, வீரியம் கூட, ரெண்டே போதுமாம்னு சொன்னேன். ஒவ்வொரு தரமும் கொம்பனி மாறும், கலர் மாறும், ஒரு தடவ மஞ்சள், ஒரு தடவ காவி. அவரு நம்பிட்டாரு. நான் சொன்னா நம்பாம என்ன, முப்பது வருஷமா நம்பின மனுஷன். ஏன் சொல்லல்லன்னு கேக்குறீங்களா? ஏசுவாருன்னு பயந்து இல்ல டொக்டர். சொன்னா அவரு நாலையும் குடுத்துருவாரு. எனக்கு அவரத் தெரியும். அந்தப் புள்ளைக்கு ரெண்டு பொட்டக் குட்டிகள் இருக்கு, எனக்கு வயசாயிருச்சு, கொண்டு போய்க் குடுன்னு சொல்லுவாரு. ரெண்ட அவருக்கு மிச்சம் புடிக்கத்தான் நான் பொய் சொன்னேன்.

என்ன சொல்றீங்க? ரெண்டு கெழமையில நம்பர் இப்பிடி ஏறாது. ஏறாதா.

அப்ப பம்ப்தானா? பம்ப்னே வைங்களேன். ரத்தத்த எடுத்துட்டுப் போய் அளந்து பாருங்க. இருந்தா இருக்கட்டும்.

கண் வீக்கம் டிசம்பர்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் இல்லன்னு நான்தான் சொன்னேன். ஓம். அத வச்சுத்தான் பேனைய கீழ வச்சீங்களா. கெட்டிக்காரி மகள் நீங்க. கிளினிக்ல ஒருத்தரும் அதக் கேக்கல்ல, கண் நல்லாருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க.

ரோடு ரெண்டு கெழமையில தொறந்திச்சுதான். அவ கிளினிக்குக்குப் போயிருக்கலாம். புக் போனா என்ன, ஆஸ்பத்திரியில பேரு இருக்கு. ஆனா ஜனவரியில அவ கொழும்புக்குப் போய்ட்டா, ஒரு பெரிய வீட்டுல தங்கி வேல. லயம் இல்ல, தோட்டத்துல பேரில்ல, புள்ளைகள சவரியம்மா வஹகோட்டையில தன்ட தங்கச்சி வீட்டுல வச்சிருக்கா. அந்த வீட்டு நோனாவுக்கு இவட வருத்தம் தெரியாது. புத்துநோய்க்காரிய குசினியில வச்சுக்குவாங்களா? கிளினிக் நாள் புதன்கெழம, மாசா மாசம் லீவு கேட்டா ஏன்னு கேப்பாங்க. கொழும்பு ஆஸ்பத்திரிக்கு மாத்தி எழுதித் தரலாம்னு சொல்றீங்க. தரலாம். அங்கயும் நாள் பூரா பெஞ்சுல உக்காரணுமே. வேல போனா அந்த ரெண்டு புள்ளைகளும் ரோட்டுல. நான் சொன்னேன் சவரியம்மாகிட்ட, அவசரப்படாம இருக்கச் சொல்லுங்க, ஒரு வழி பொறக்குற வரைக்கும் நான் பாத்துக்குறேன்னு. ஒரு வழியும் பொறக்கல்ல.

மார்ச்ல நம்பர் ஏறினப்பவே எனக்குத் தெரிஞ்சிச்சு. இல்ல, தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். அந்த வருஷம் ஒண்ணும் ஆகல்லதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது ஒரு மாசம், இது ஏழாவது மாசம். பெரிய டொக்டர் பம்ப்னு சொன்னப்ப, அல்லாஹ் மேல ஆணையா எனக்கு ஒரு சந்தோஷம் வந்திச்சு. ரத்தத்துட பழின்னு ஆயிருச்சு, என்ட பழி இல்லன்னு. பஸ்ஸுல வாறப்ப பூரா சந்தோஷம். வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சப்பதான் அந்தக் கோவாப் புழு. அதுக்குப் பொறகு எனக்குப் பயம் மகள். என்ட கையாலயே அவர கொல்றேனோன்னு பயம். இனி முழுசா குடுத்தாலும் எறங்காட்டி? அந்த செல்லு இதுக்குள்ள பழகியிருந்தா? ஒங்கட பொட்டி அதக் கண்டுபுடிக்குமா? பம்ப் கூடியிருந்தா அது தன்பாட்டுல கூடிச்சா, நான் கூட்டி விட்டேனான்னு அதுல தெரியுமா? தெரியாது. அத ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. சரி.

கேட் சத்தம் கேட்டிச்சா? இல்ல, இவரு இல்ல. இன்னும் தொழுகை முடியல்ல, அவரு வந்தா வாசல்ல இருந்தே சலாம் சொல்லிக்கிட்டுத்தான் வருவாரு. இது சவரியம்மா. ரெண்டு கெழமைக்கு ஒருக்கா வெள்ளிக்கெழம இந்த நேரத்துக்கு வருவா, இவரு பள்ளியில இருக்குற நேரம் பாத்து நான்தான் வரச் சொன்னது. இங்க எடுத்துட்டுப் போய், கொழும்புக்கு போற பஸ்ஸுல தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்தனுப்புவா.

உங்கட கேள்விக்கு இப்ப எழுதிக்கங்க. இல்ல, ஒழுங்கா குடிக்கல்ல. நாள் ஒண்ணுக்கு ரெண்டுதான், டிசம்பர்ல இருந்து. அதுக்குக் கீழ, நோயாளிக்கு இது தெரியாதுன்னும் ஒரு வரி எழுதுங்க. திங்கக்கெழம டொக்டர்மார் அத வாசிக்கணும். வாசிச்சா அந்த நெஞ்ச கொழப்புற மருந்த மூணு மாசத்துக்காவது தள்ளிப் போடுவாங்கதானே? போடுவாங்க. இவர்ட்ட நானே சொல்றேன். ஏசினா தாங்கிக்குவேன். அவரு ஏசமாட்டாரு, அதுதான்.

வாறேன் சவரியம்மா, ஒரு நிமிசம். வெயில்ல நிக்காம உள்ளுக்கு வாங்க.

இந்தா பாருங்க, என்ட சட்டப் பையில. மல்லித்தூள் பெக்கட்டுல போட்டு வச்சிருக்கேன். இருவத்தெட்டு குளிச. கடைசி ரெண்டையும் இன்னைக்கு காலையிலதான் போட்டேன், இவருக்கு தண்ணி க்ளாஸக் குடுத்துட்டு. இது இல்லாட்டி அவளுக்கு நாளைக்கு ஒண்ணும் இல்ல.

சுருக்கா சொல்லுங்க மகள், அவ செருப்பக் கழட்டுறா. இத நான் இப்ப குடுக்குறதா, வேணாமா?